வாடகைக்காக ஒரு காதுகுத்து

நம் பழைய ஹவுசிங் போர்டு குடியிருப்பை இடிக்கப் போகிறார்கள் என்று நம்மில் ஒருவர் வாட்ஸ்அப் குழுவில் படம் போட்டாலும் போட்டார், ஒரு வாரமாகக் கண்ணீர் அஞ்சலி ஓய்ந்தபாடில்லை. "அந்தக் காலத்துல ஒருத்தருக்கு ஒண்ணுன்னா பிளாக்கே ஓடி வருமுங்க" என்று ஒருவர். "இப்ப யாருங்க அப்படி இருக்கறாங்க" என்று இன்னொருவர், கும்பிடும் கைப் படத்தோடு. நம் எல்லாருக்கும் இப்போது சொந்த வீடு, வாசலில் கார், முட்டியில் வலி. கூடவே மறதியும் சேர்ந்துகொண்டால் கேட்கவா வேண்டும்.

ஓடி வந்தார்கள், உண்மைதான். பந்தி போட்டால் ஓடி வந்தார்கள். உங்களில் பாதிப் பேர் அன்று எங்கள் வீட்டு ஒப்புட்டுப் போளியைத் தின்றவர்கள். ஒருவர் கஷ்டத்துக்கு இன்னொருவர் எப்படி உதவினார் என்பதை, தின்ற உங்களுக்கு, தின்னக் கொடுத்த வீட்டுப் பெண் சொல்கிறேன். கேட்டுவிட்டு அப்புறம் அழுங்கள்.

நான் ஐந்தாம் வகுப்பு முடித்த கோடை அது. அப்பா வேலை பார்த்த மில்லைச் சாத்திவிட்டார்கள். மில்லுச் சங்கு ஊதாத காலைகளை நீங்களும் கேட்டிருப்பீர்கள். சங்கு ஊதாவிட்டாலும் அப்பா ஷிப்ட் நேரத்துக்கு எழுந்து, குளித்து, தலைவாரி, வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்துவிடுவார். அதுவரை அவர் புருவத்தில் பஞ்சு ஒட்டியிருக்கும், சட்டையில் மெஷின் எண்ணெய் வாடை வரும். அந்தக் கோடையில் வெறும் சோப்பு வாசனை. வேலை இல்லாத ஆளிடமிருந்து இவ்வளவு நல்ல வாசனை வந்ததே எனக்குப் பிடிக்கவில்லை. அவர் மில்லுக்குச் சோறு கொண்டுபோகும் பித்தளைத் தூக்குப்போசி சமையலறை ஆணியில் தொங்கும். ஒரு நாள் ஆணி மட்டும் இருந்தது. எங்கே போச்சு என்று யாரும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை.

வாடகை நின்று மாதங்கள் ஆகியிருந்தன. போர்டு ஆபீசிலிருந்து ஆள் வந்து கதவில் நோட்டீஸ் ஒட்டிவிட்டுப் போனார். அப்பா அதை நகத்தால் சுரண்டிக் கிழித்தார். பசையோடு பாதிக் காகிதம் கதவிலேயே தங்கிவிட்டது. அதன்மேல் ஒரு மருதமலை முருகன் காலண்டரை மாட்டினார். நம் பிளாக்கில் கதவுக்கு வெளியே சாமி படம் தொங்கினால் அதைப் பக்தி என்று யாரும் நினைத்ததில்லை. முதல் மாடியில் பழனியாண்டவர், எங்கள் மாடியில் மருதமலை, மேலே யாரோ ஒரு அம்மன். வாடகை பாக்கியால் தெய்வங்களுக்குத்தான் நல்ல பிழைப்பு.

அந்த வீடு போனால் என்ன ஆகும் என்பது அம்மாவுக்குத் தெரியும். இரண்டு அறை, தனிக் கக்கூஸ், குழாயில் சிறுவாணித் தண்ணி. கோயமுத்தூரில் அந்த வாடகைக்கு மாட்டுக்கொட்டகைகூடக் கிடைக்காது. அம்மா பிறந்து வளர்ந்தது லைன் வீட்டில்: வரிசையாகக் கதவுகள், கதவுக்கு ஒரு குடும்பம், எல்லாருக்கும் சேர்த்து ஒரே கக்கூஸ். காலையில் சொம்போடு வரிசையில் நின்றே வயசுக்கு வந்தவள் அவள். என்னை அந்த வரிசைக்கு அனுப்பக்கூடாது என்பது ஒன்றுதான் அவள் வேண்டுதல். அதற்காக யார் காலிலும் விழத் தயாராக இருந்தாள். அப்பா யார் முன்னாலும் தலையைக்கூடச் சாய்க்கத் தயாராக இல்லை.

வழி இல்லாமல் இல்லை. எதிர் வீட்டு அக்காவைத் தெரியுமல்லவா, வீட்டுக்காரருக்குக் கார்ப்பரேஷனில் குப்பை லாரியில் வேலை. அந்த அக்கா தண்ணிக் குழாயடியில் அம்மாவிடம் சாதாரணமாகச் சொன்னாள்.

"ஏனுங்கக்கா, பேசாம ஆபீசுல ஒரு மனு எழுதிக் குடுங்க. மில்லு சாத்திப்போட்டாங்க, கஷ்டமுங்கன்னு எழுதுனாப் போதும். பாக்கியத் தவணை போட்டுத் தந்துருவாங்க. எங்களுக்குச் சம்பளம் நின்னப்ப நாங்க வாங்கலீங்களா? ஒண்ணும் கடிச்சுத் திங்கமாட்டாங்க."

அம்மா அன்றைக்கே அப்பாவிடம் சொன்னாள். அப்பா களியைக் குழம்பில் தோய்த்தபடியே, "அவிய நிக்கற வரிசையில நான் போயி நிக்கோணுமா?" என்றார்.

அக்காவின் பாட்டன் பூட்டன் எங்கள் பெரியப்பா வீடு மாதிரியான தோட்டங்களில் பண்ணையாளாக வேலை பார்த்தவர்கள். அதுதான் விஷயம். ஒரே படிக்கட்டு, ஒரே வாடகை, ஒரே மாதிரி நோட்டீஸ். வரிசை மட்டும் ஒன்றாக இருக்கக்கூடாது. இத்தனைக்கும் அப்பாவுக்கு ஒரு குழி நிலம் கிடையாது. தன் பங்கைப் பெரியப்பாவுக்கு எழுதிக்கொடுத்துவிட்டுத்தான் மில்லுக்கு வந்தார். நிலக்காரத் தலைக்கனத்தை மட்டும் எழுதிக்கொடுக்கவில்லை. வாங்க ஆள் இல்லை போலும்.

இந்த நேரம் பார்த்துப் பெரியப்பா வந்தார். அவருக்குச் சத்தியமங்கலம் பக்கம் தோட்டம்; மஞ்சளை ஈரோட்டுக்கு ஏற்றிவிட்ட கையோடு சில சமயம் பஸ் பிடித்து எங்கள் வீட்டுக்கு வருவார். கையில் இரண்டு தேங்காய், வாயில் ஒரு மூட்டை யோசனை. தம்பி வீட்டில் அடுப்பு எரிகிறதா என்று பார்க்கமாட்டார். தம்பி மானத்தோடு இருக்கிறானா என்று மட்டும் பார்ப்பார்.

"மனுவாவது மண்ணாங்கட்டியாவது. நம்ம சனம் சர்க்காருகிட்டப் போயிக் கையேந்தறதா? ஏன்றா, ஊரெல்லாம் போயி மொய் வெச்சிருக்கறயில்ல? நீயும் ஒரு சீர வெய்யி. வெச்ச மொய் திரும்பி வருது. அது பிச்சையா?"

அப்பா முகம் தெளிந்ததைப் பார்க்க வேண்டுமே. கேட்டால் கேவலம், பந்தி போட்டு வாங்கினால் கௌரவம். அடுத்த கேள்வி, என்ன விசேஷம் என்று சீர் வைப்பது? வீடு கட்டவில்லை, கல்யாணத்துக்கு ஆள் இல்லை. இரண்டு பேரும் திரும்பி என் காதைப் பார்த்தார்கள்.

எனக்கு எப்போதோ காது குத்தியாகிவிட்டது. அந்த வருஷம் அப்பாவைப் பெற்ற அப்பாரு இறந்துபோனதால் விசேஷம் வேண்டாமென்று ஆசாரி கடையிலேயே உட்காரவைத்துக் குத்திவிட்டார்கள். அதனால் என்ன? "குத்துனது குத்துனதுதான், சீரு பாக்கி இருக்குதில்ல?" என்றார் பெரியப்பா. வாடகை பாக்கியைத் தீர்க்க இவர்கள் கண்டுபிடித்தது இன்னொரு பாக்கி.

"சோத்துக்கே வழியில்லீங்க, சீருக்கு எங்கீங்க போறது?" என்று அம்மா கதவுக்குப் பின்னால் நின்று சொன்னாள்.

"மளிகைய நான் எடுத்துத் தாரேன் அம்மணி. பொறகு பாத்துக்கலாம். சாப்பாடு நெறைவா இருந்தாத்தான் மொய்யும் நெறைவா வரும்" என்றார் பெரியப்பா. மஞ்சள் மண்டியில் முப்பது வருஷம் பேரம் பேசிய ஆளின் பொருளாதாரம் இது.

அம்மா அவர்களோடு வாதாடவில்லை. மறுநாள் என்னைக் கூட்டிக்கொண்டு போர்டு ஆபீசுக்குப் போனாள். மனுவை நான்தான் எழுதினேன். எதிர் வீட்டு அக்கா சொல்லிக்கொடுத்தபடி, "ஒரு வேளை உணவுக்கும் வழியின்றி வாடுகிறோம்" என்று என் ஐந்தாம் வகுப்புக் கையெழுத்தில் குண்டு குண்டாக எழுதியிருந்தேன். ஆபீசில் பசை வாடையும் பழைய காகித வாடையும். மேஜைக்குப் பின்னால் இருந்த ஆபீசர் மூக்குக்கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு படித்தார்.

"உன்ற கையெழுத்தா கண்ணு? நல்லா இருக்குது" என்றார் என்னிடம். அம்மாவைப் பார்த்து, "ஒரு நா நேர்ல வந்து பாத்துட்டு எழுதறனுங்க. பயப்படாதீங்க, ஊடு போகாது" என்றார்.

பஸ்ஸில் வரும் வழியெல்லாம் அம்மா ஜன்னலுக்கு வெளியே பார்த்துச் சிரித்துக்கொண்டே வந்தாள். அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. விஷயத்தை அப்பாவிடம் சொல்லாதே என்றாள். ஆபீசர் வந்து எழுதிவிட்டுப் போன பிறகு சொல்லிக்கொள்ளலாம் என்று அவள் கணக்கு.

அதே வாரம் பத்திரிகை அச்சாகி வந்தது. மஞ்சள் தடவிய பத்திரிகை. அதை எடுத்துக்கொண்டு அப்பா எங்கே போனார் தெரியுமா? வெற்றிலை பாக்குத் தட்டோடு அதே போர்டு ஆபீசுக்கு. ஆபீசிலிருந்த அத்தனை பேருக்கும் மேஜை மேஜையாக வைத்து, "குடும்பத்தோட வந்துரோணுமுங்க" என்று கும்பிட்டுவிட்டு வந்திருக்கிறார். வீட்டுக்கு வந்து பெருமையாகச் சொன்னார்: "நம்மூட்டுல கை நனைச்ச மனுசன் நம்ம கதவுல நோட்டீஸ் ஒட்டுவானா?"

அம்மா அரைத்துக்கொண்டிருந்த அம்மியை விட்டு எழுந்திருக்கவே இல்லை. அப்போது சொல்லியிருக்கலாம். சொன்னால் பத்திரிகையைத் திரும்ப வாங்கவா முடியும்? அத்தனை பேரில் ஆபீசர் எங்கே வரப்போகிறார் என்று நினைத்திருப்பாள்.

காதுகுத்து என்றால் குலதெய்வக் கோவிலுக்குப் போவதுதான் முறை. பஸ் பிடித்துப் போகக் கட்டுப்படியாகாதென்று பிளாக்குகளுக்கு நடுவில் இருந்த மைதானத்தில் பந்தல் போட்டார்கள். அந்த ஒரு சிக்கனத்தைப் பெரியப்பா நாலு பேரிடம் சொல்லிக் காட்டினார். மற்றபடி ஒலிபெருக்கி, சமையலுக்கு ஆள், வாழைமரம், எதற்கும் குறைவில்லை. நெய்யும் தேங்காயும் ஏலக்காயும் மணத்தன. எங்கள் வீட்டில் மாதக்கணக்கில் களியும் கொள்ளு ரசமும்தான் என்பதை அந்த மணத்தை வைத்து யாரும் கண்டுபிடிக்க முடியாது. எனக்கே சந்தேகம் வந்துவிட்டது, நாம் பணக்காரர்களோ என்று.

தாய்மாமா மேட்டுப்பாளையத்தில் பாக்கு மண்டியில் கூலிக்கு இருந்தார். சீர்த் தட்டில் பட்டுப்பாவாடையும் தோடும் வைத்து எடுத்துவந்தார். எங்கே வாங்கிய கடனோ, யாரும் விசாரிக்கவில்லை. தாய்மாமன் வெறுங்கையோடு வந்தால்தான் விசாரிப்பார்கள். அவர் மடியில் என்னை உட்காரவைத்தார்கள். ஆசாரி என் காதைப் பிடித்துப் பார்த்துவிட்டு, "ஓட்டை இருக்குதுங்களே?" என்றார்.

பெரியப்பா குனிந்து, "அதுக்கு மேல இன்னொண்ணு போடப்பா" என்றார்.

போட்டார். வலியில் உயிர் போனது. மாமா என் வாயில் சர்க்கரையைத் திணித்தார். இப்போது பியூட்டி பார்லர் போனால் அங்கே இருக்கும் சின்னப் பெண்கள், "ஆன்ட்டி, அந்தக் காலத்துலயே டபுள் போட்டிருக்கீங்க, சூப்பர்" என்கிறார்கள். போர்டு வாடகைக்காகக் குத்தியது என்று சொன்னால் அவர்களுக்குப் புரியாது.

ஆபீசர் வந்தார். குடும்பத்தோடு இல்லை, தனியாக. அப்பா ஓடிப்போய்க் கையைப் பிடித்துக் கூட்டிவந்து முதல் பந்தியில் பெரியப்பாவுக்குப் பக்கத்தில் உட்காரவைத்தார். அம்மா ஒப்புட்டு பரிமாறிக்கொண்டே வந்தாள். அவர் இலைக்கு வந்ததும் இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். அம்மா கையில் நெய்க் கிண்ணம். ஒரு வேளை உணவுக்கும் வழியின்றி வாடுபவள், இன்னொரு ஒப்புட்டு வைக்கட்டுமா என்று கேட்க வேண்டிய இடம் அது. கேட்கத்தான் கேட்டாள். அவர் தலையைக் குனிந்துகொண்டே, "போதுமுங்க" என்றார்.

கை கழுவிவிட்டு வந்தவர் தண்ணீர் அண்டாவுக்குப் பின்னால் அம்மாவிடம் பேசினார். நான் பாவாடையைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றேன்.

"என்னங்கம்மா இது? இதைப் பாத்துப்போட்டு நான் என்னன்னு எழுதறதுங்க?"

"சார், இது எங்க மனுசங்க செஞ்ச கூத்துங்க. உள்ளாற வந்து அரிசிப் பானையப் பாருங்க" என்றாள் அம்மா. அழவில்லை. குரல் மட்டும் கீழே போய்விட்டது.

அவர் கைக்குட்டையில் கையைத் துடைத்துக்கொண்டார். "ஊடு உங்க ஊட்டுக்காரரு பேர்லதான் இருக்குது. திங்கக்கெழம அவரையே வரச் சொல்லுங்க. அவரு வாயால கஷ்டமுங்கன்னு ஒரு வார்த்த சொல்லட்டும். நான் தவணை எழுதிப்போடறேன். இந்தப் பந்தலை நான் பாக்கல" என்றார். மொய்யும் வைத்துவிட்டுத்தான் போனார். அவர் கெட்டவர் இல்லை. இந்தக் கதையில் கெட்டவர்கள் யாருமே இல்லை, அதுதான் வயிற்றெரிச்சல்.

எதிர் வீட்டு அக்காவுக்குப் பத்திரிகை கிடையாது. பந்தி முடிந்து மிஞ்சியதை ஒரு போசியில் போட்டு அவர்கள் கதவடியில் வைத்துவிட்டு வரச் சொன்னார்கள். ஆபீசுக்கு வழி சொன்னவளுக்கு நாங்கள் செய்த மரியாதை அவ்வளவுதான். இதையும் குழுவில் எழுதலாம், விருப்பமிருந்தால்.

சாயங்காலம் மொய்ப்பணத்தை எடுத்து உட்கார்ந்தார்கள். பெரியப்பா தான் எடுத்துத் தந்த மளிகைக்கு முதலில் கழித்துக்கொண்டார். அடுத்து பந்தல்காரர், சமையல்காரர், ஒலிபெருக்கிக்காரர். எல்லாரும் போன பிறகு தட்டில் மிஞ்சியதை வைத்து வாடகை பாக்கியில் கால்வாசி கட்டலாம். அதுவும் நம் பணமில்லை. வைத்தவர்கள் வீட்டு விசேஷத்துக்கெல்லாம் திருப்பி வைக்க வேண்டும்; கடைசி மொய்யைத் திருப்பி வைத்தபோது நான் காலேஜ் முடித்திருந்தேன். பெரியப்பா, "மானம் நின்னுது பாரு" என்று தம்பியின் தோளைத் தட்டிவிட்டுக் கடைசி பஸ்ஸுக்குப் போனார். முன்பு கொண்டுவந்து தந்த இரண்டு தேங்காய்க்குப் பதிலாக, மிஞ்சியிருந்ததில் ஒரு பை நிறையத் தேங்காய் அவரோடு போனது.

அம்மா அப்போதுதான் அப்பாவிடம் எல்லாவற்றையும் சொன்னாள். சண்டை வரும் என்று நான் போர்வைக்குள் புகுந்துகொண்டேன். வரவில்லை. அப்பா மொய்த் தட்டை நகர்த்திவைத்துவிட்டு, "செரி, சொல்லிப்போடறேன் போ" என்றார்.

திங்கட்கிழமை காலை அவர் முகம் மழிக்கும்போது அம்மா பக்கத்திலேயே நின்றாள்.

"என்னன்னு சொல்லுவீங்க?"

"கொஞ்சம் சிரமமுங்கன்னு."

"கொஞ்சமெல்லாம் வேண்டாமுங்க. கஷ்டமுங்க. அது போதும்."

"கஷ்டமுங்க" என்றார் அப்பா, கண்ணாடியைப் பார்த்து. நன்றாகத்தான் சொன்னார்.

மூன்று பேருமாகப் போனோம்; ஆபீசில் நீளமான வரிசை. அதில் முதல் ஆளாக எதிர் வீட்டு அக்கா கையில் மனுவோடு நின்றிருந்தாள். அவர்களுக்கு மறுபடி சம்பளம் நின்றிருந்தது. "வாங்கண்ணா" என்று சிரித்தாள். அப்பா சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டு, "ஆபீசரு நம்ம பழக்கம், சும்மா பாத்துட்டுப் போலாம்னு வந்தேன்" என்றார். அம்மா சுவரைப் பார்த்தாள். அதற்குள் ஆபீசர் உள்ளேயிருந்து எங்களைப் பார்த்துக் கைகாட்டிக் கூப்பிட்டார். அக்கா எங்களுக்கு நேர் பின்னால் வந்து நின்றாள்.

"வாங்க, வாங்க. உக்காருங்க. சொல்லுங்க, எப்படி இருக்கறீங்க?" என்றார் ஆபீசர். பேனா மூடியைக்கூடக் கழற்றிவைத்திருந்தார்.

அப்பா நாற்காலியின் நுனியில் உட்கார்ந்து, வாயெல்லாம் பல்லாக, "நமக்கென்னங்க கொறை? உங்க புண்ணியத்துல நல்லா இருக்கறமுங்க" என்றார்.

ஆபீசர் மனுவை எடுத்துக் காட்டினார். "இல்லீங்க, மில்லு சாத்திட்டாங்க, வாடகைக்குக் கஷ்டம்னு அம்மா எழுதிக் குடுத்திருக்கறாங்க."

அப்பா பின்னால் திரும்பி அக்காவை ஒரு பார்வை பார்த்தார். பிறகு சிரித்தார். "பொம்பளைக அப்படித்தானுங்க, எதையாச்சும் எழுதிப்போடுவாங்க. அண்ணன் தோட்டத்துல மஞ்ச இருக்குதுங்க. வண்டி ஏறுனா மொத்தமாக் கட்டிப்போடலாமுங்க."

"பொய்யிங்க சார். கஷ்டந்தானுங்க" என்றாள் அம்மா.

"அவரு இல்லைங்கறாரே, நான் என்னங்க பண்றது?" என்று ஆபீசர் அப்பாவைத்தான் பார்த்தார். அப்பா மேஜைமேல் இருந்த கண்ணாடிக் குண்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஆபீசர் எங்கள் மனுவில் ஒரு வரி எழுதி அந்தப் பக்கம் வைத்தார்.

அடுத்தது அக்கா. உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை. "கஷ்டமுங்க சார்" என்றாள். கையெழுத்து வாங்கிக்கொண்டு, எங்களுக்கு முன்பே வெளியே போய்விட்டாள்.

ஆடி பிறப்பதற்குள் நாங்கள் வீட்டைக் காலிசெய்தோம். சிங்காநல்லூர் பக்கம் லைன் வீடு. நான் சொம்போடு வரிசையில் நின்றேன், கல்யாணம் ஆகும்வரை நின்றேன். நீங்கள் எல்லாரும் அன்று பால்கனியில் நின்று வண்டி ஏறுவதைப் பார்த்தீர்கள். "வாடகை ஊடெல்லாம் நமக்கு ஒத்து வரதில்லீங்க, அதான் காலி பண்றோம்" என்று அப்பா மேலே பார்த்துச் சொன்னார். "ஆமாங்க, ஆமாங்க" என்றீர்கள். ஒருவராவது இறங்கி வந்து அண்டாவை ஒரு கை பிடிக்கவில்லை. பிளாக்கே ஓடி வந்ததாம்.

அப்பாவைப் பற்றி நான் இப்படி எழுதலாமா என்று நீங்கள் கேட்பீர்கள். அதை என் அம்மாவிடம் கேட்டிருக்க வேண்டும். அந்தத் திங்கட்கிழமை ஆபீசிலிருந்து திரும்ப பஸ் ஏறியபோது அம்மா என்னை இழுத்துக்கொண்டு முன்னால் போய் உட்கார்ந்தாள். அப்பா நடுவில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். அவர் சட்டைப் பையில் ஒன்றும் கிடையாது, இருந்த சில்லறை அம்மாவின் முந்தானை முடிச்சில். கண்டக்டர் வந்தார். அம்மா முடிச்சை அவிழ்த்து, "ஒண்ணு, ஒரு அரை" என்றாள்.

"அவருக்குங்கம்மா?" என்று கண்டக்டர் பின்னால் கைகாட்டினார்.

அம்மா திரும்பிப் பார்க்கவில்லை. பஸ்ஸுக்கே கேட்கிற மாதிரி, "அவருக்கென்னங்க கொறை? நல்லா இருக்கறாரு. அவரே எடுத்துக்குவாரு" என்றாள்.

கண்டக்டர் அப்பாவிடம் போனார். அப்பா பையைத் தடவிப் பார்த்தார். இல்லை என்ற வார்த்தை அங்கேயும் வாயில் வரவில்லை. அடுத்த ஸ்டாப்பில், தான் இறங்க வேண்டிய இடமே அதுதான் என்பதுபோல, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கினார். இறங்குமுன் கண்டக்டரைப் பார்த்துச் சிரித்து, "வாரனுங்க" என்றார்.